வராமலே பி.எட். பட்டமா?

பி.எட். விண்ணப்பக் காலம் வந்தாலே கூடவே ஒரு பேரமும் வந்துவிடுகிறது. “கல்லூரிக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்” என்று தனியார் கல்வியியல் கல்லூரிகள் சிலவற்றின் தரகர்கள் பட்டதாரிகளுக்கு வலை வீசுகிறார்கள். வருகைப் பதிவுக்கு ஒரு தொகை, ரெக்கார்டு நோட்டுக்கு ஒரு தொகை, கற்பித்தல் பயிற்சிச் சான்றுக்கு இன்னொரு தொகை. எல்லோருக்கும் தெரிந்தே நடக்கும் இந்த மோசடியை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

விதியில் ஓட்டை எதுவும் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வகுப்புகளில் 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சியில் 90 சதவீத வருகை ஆகியவை கட்டாயம். பள்ளியில் கழிக்கும் 20 வாரங்கள்தாம் இந்தப் படிப்பின் உயிர். பின்னக் கணக்கே வராத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இயற்கணிதத்தை எங்கிருந்து தொடங்குவது, வாயே திறக்காத மாணவியை எப்படிப் பேச வைப்பது என்பதெல்லாம், மூத்த ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்க, தடுமாறித் தடுமாறிப் பாடம் நடத்தும்போதுதான் பிடிபடும். அந்தத் தடுமாற்றத்தைப் பயிற்சியில் கடக்காதவர் வேலைக்கு வந்தால், அதன் சுமை பொதுத்தேர்வு எழுதப்போகும் ஏழைப் பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம், ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் தனியாரிடம் இருப்பதை 2012இலேயே சுட்டிக்காட்டி, அவற்றின் தரம் குறித்துக் கவலை தெரிவித்தது. அதற்குப் பிறகும் மெத்தனம் ஏன்?

விண்ணப்பிக்கத் தயாராகும் இளைஞர்களே, வேலையை விட முடியாத உங்கள் குடும்பநிலை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தப் பேரத்துக்கு இணங்காதீர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைக்கும் உரியவை. தரகர் அங்கே துணைக்கு வரமாட்டார்.

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் தேசியக் குழுமமும் வேலை நாட்களில், முன்னறிவிப்பின்றி, கல்லூரிகளுக்குள் நுழைய வேண்டும். கல்லூரியின் வருகைப் பட்டியலைப் பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியரின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். வராதவருக்கு வருகை போடும்படி மிரட்டப்படும் விரிவுரையாளர்கள் புகார் தந்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். குற்றம் உறுதியான கல்லூரிகளின் இணைப்பை ரத்து செய்து, முறையாக வந்து படித்த மாணவர்களை வேறு கல்லூரிகளுக்கு மாற்ற வேண்டும். அக்கல்லூரிகளின் பெயர்ப் பட்டியலை அடுத்த சேர்க்கை தொடங்குமுன் வெளியிட வேண்டும்.