பதுங்கியவன் யார்?

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட்டை இழுத்து வருவதற்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். சினம் ஒரு சொல்லின்மேல். சில மாதங்களாகவே ஆசிரியர் அறையிலும், சாலைத்தெருத் தேநீர்க் கடையிலும், தொலைக்காட்சியில் வாய் ஓயாத வல்லுநர்களிடமும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 'மனத்திடம்' என்பதே அச்சொல். தமிழ்நாட்டு அணிக்கு எல்லாம் உண்டாம், மனத்திடம் மட்டும் இல்லையாம். சிறிய அணியென்றால் புலியாம், மும்பையைக் கண்டால் பூனையாம். நம்மவர்களின் இரத்தமே அப்படியாம். கடைசியாகச் சொன்னதை என் துறையிலேயே பணியாற்றும் நண்பர் ஒருவர் சொன்னார். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். புறத்திணையை இருபது ஆண்டுகளாக நடத்துகிறவர்.

அவருக்குச் சான்றாகக் கிடைத்தது 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை அரையிறுதி. மும்பையில், பாந்திரா குர்லா வளாக மைதானத்தில், மூன்றே நாளில் ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டமும் பின்தங்கித் தோற்றோம். பச்சை படர்ந்த ஆடுகளத்தில் அணித்தலைவர் சாய் கிஷோர் நாணயச் சுழற்சியில் வென்று முதலில் மட்டை பிடித்தார். 146க்கு ஆட்டமிழந்தோம். ஆட்டம் முடிந்ததும் அணியின் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்னி, தாம் முதலில் பந்து வீசவே விரும்பியதாகவும், தோல்வி முதல் நாள் காலையிலேயே உறுதியாகிவிட்டதாகவும் பத்திரிகையாளர் முன்னிலையில் சொன்னார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அணியை அரையிறுதிவரை கொண்டுவந்த ஒரு தலைவனைப் பயிற்சியாளரே பொதுவெளியில் கைவிட்டது முறையா என்று தினேஷ் கார்த்திக் கேட்டார். முறையன்று என்பதே என் கருத்தும். ஆனால் என் வழக்கு அதுவன்று.

மும்பையின் இன்னிங்ஸை எடுத்துக்கொள்வோம். 146 ஓட்டத்தைக் காக்க இறங்கிய அந்தப் 'பூனைகள்' மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட முறை கோப்பையை வென்ற அணி, தன் சொந்த மண்ணில், தனக்கேற்ற ஆடுகளத்தில் அந்த நிலையில் நின்றது. சாய் கிஷோர் ஆறு விக்கெட் எடுத்தார். அதன்பின் வந்த சர்துல் தாக்கூர் 109, ஆட்டமிழக்காமல் தனுஷ் கோட்டியான் 89. கடைசி மூன்று விக்கெட்டுக்கு மட்டும் 272 ஓட்டம். அஞ்சியவர்கள் ஏழு விக்கெட்டை எப்படி வீழ்த்தினார்கள் என்று நண்பரைக் கேட்டேன். "அது ஆரம்ப வேகம்" என்றார். அஞ்சுகிறவனுக்கு ஆரம்பத்தில் அல்லவா கை நடுங்க வேண்டும்?

எனக்குப் படுவது வேறு. பெரும்பாலும் சுழலால் ஏழு பேரை வெளியேற்றியபின், ஒன்பதாவது ஆளும் பத்தாவது ஆளும் சுழலை அடித்து நொறுக்கத் தொடங்கியபோது, கையில் எடுப்பதற்கு இரண்டாவது ஆயுதம் இல்லை. முதலில் மட்டை பிடித்த முடிவும் அங்கிருந்தே வந்தது என்று நினைக்கிறேன். முதலில் ஆடி ஓட்டம் சேர்த்துவிட்டால், ஆடுகளம் தேய்ந்தபின் சுழலால் முடித்துவிடலாம் என்பது நம் பரம்பரைக் கணக்கு. பாந்திராவில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. வேறு கணக்கு நமக்குத் தெரியாது. வலிய எதிரியைக் கண்டதும் தமிழ்நாட்டு அணி தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு பதுங்குகிறது என்கிறார்கள். மாற்றிக்கொள்வதே இல்லை என்கிறேன் நான். மாற்றிக்கொள்ள இன்னோர் ஆட்டம் வேண்டுமே!

இது இன்று நேற்று வந்த நோயன்று. 1973இல் சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தைப் பழைய தலைமுறையினர் இன்னும் பெருமூச்சுடன் சொல்வார்கள். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் நம் பக்கம். பந்து முதல் நாளிலிருந்தே சுழன்ற ஆடுகளம். பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டினோம். இதைவிட என்ன செய்ய முடியும்? ஆனால் நாம் எடுத்தது 80ம் 61ம். மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. பத்மாகர் சிவால்கர் என்ற இடக்கைச் சுழல்வீச்சாளர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 34 ஓட்டத்துக்கு 13 விக்கெட் எடுத்தார். எதிரியிடமும் அதே வாள் இருக்கும் என்பதை நாம் கணக்கில் கொள்ளவில்லை. அந்தச் சிவால்கர் இந்திய அணிக்காக ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஆடாமலே போனார் என்பது தனிக்கதை. அந்த அநீதியைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். 'மனத்திடம்' பேசுவோர் 80ஐயும் 61ஐயும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 151ஐயும் 113ஐயும் எங்கே ஒளித்து வைக்கிறார்கள்?

நண்பரின் கொள்கைக்கு இன்னும் பெரிய இடையூறு உண்டு. வலியோரிடம் அஞ்சுபவன் எளியோரிடம் வெல்ல வேண்டும். நம் அணியின் கதை அப்படி நடக்கவில்லை. 2012 ஜனவரி அரையிறுதியில் மும்பையை மும்பையிலேயே முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் வெளியேற்றினோம். அந்தக் களிப்போடு சேப்பாக்கத்துக்கு வந்து இறுதியாட்டத்தில் யாரிடம் தோற்றோம்? இராஜஸ்தானிடம். (அவர்கள் நடப்பு வாகையர் என்பதை மறைக்கவில்லை, ஆனால் இராஜஸ்தானைக் கண்டு தமிழன் நடுங்கினான் என்று யாரும் சொன்னதில்லை.) வினீத் சக்சேனா என்ற தொடக்க ஆட்டக்காரர் இரண்டு நாளுக்கு மேல் மட்டை பிடித்து 257 எடுத்தார். அவர்கள் 621, நாம் 295. சொந்த மண்ணில், பந்து சுழல மறுத்த ஆடுகளத்தில், ஒரே மனிதரை இரண்டு நாளாக அகற்ற முடியாமல் நின்றோம்.

2021ஐப் பாருங்கள். நவம்பரில் டெல்லியில் சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதியாட்டம்; எதிரி கர்நாடகம், நமக்கு எக்காலத்திலும் பெரிய எதிரி. கடைசி ஓவரில் 16 ஓட்டம் வேண்டும். கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். ஷாருக் கான் ஆறு அடித்தார். மனத்திடம் இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது? அடுத்த மாதமே ஜெய்ப்பூரில் விஜய் ஹசாரே கோப்பை இறுதியாட்டம். எதிரி இமாசலப் பிரதேசம். அதுவரை ஒரு கோப்பையும் வென்றறியாத அணி. தினேஷ் கார்த்திக் 116 எடுத்தார், அணி 314 எடுத்தது, தோற்றோம். ஒரே பருவம், ஏறக்குறைய அதே வீரர்கள். மலையை ஏறியவர்கள் மடுவில் விழுந்தார்கள். இரத்தம் ஒரு மாதத்தில் மாறுமா என்று முனைவர் நண்பர் விளக்க வேண்டும்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003, 2004 இரண்டு ஆண்டும் இறுதியில் மும்பையிடமே தோற்றோம். 2015இல் வான்கடேயில் கர்நாடகத்திடம் 134க்குச் சுருண்டு, கருண் நாயர் 328 எடுக்க, அவர்கள் 762 குவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவற்றைப் பட்டியலிட்டால் நண்பர் சொல்வதில் உண்மை இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் 2015இன் இரண்டாம் இன்னிங்ஸில், 600க்கு மேல் பின்தங்கி, வெல்ல வழியே இல்லாத நிலையில் இதே அணி 411 எடுத்தது என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். காலையில் நகரும் பந்தை ஆடத் தெரியாமல் 134. பந்து நகர்வது நின்றதும் 411. இதற்குப் பெயர் அச்சமா, பயிற்சிக் குறையா?

வேகப்பந்து வீச்சுக்கென எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1987இல் சென்னையில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி வந்து ஆண்டுக்கணக்கில் கற்பித்தார். அவருக்குப்பின் கிளென் மெக்ராத். நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து கற்றுச் சென்று தத்தம் மாநிலங்களுக்கு ஆடினார்கள். அதே ஊரின் அணி 1988இல் கடைசியாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. வென்ற அணியின் தலைவர் எஸ். வாசுதேவன், அவரும் சுழல்வீச்சாளர். பாலாஜி வந்தார், சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் வந்தார். தனித்தனி ஆட்கள் வந்தார்களே தவிர, வழி ஒன்று உருவாகவில்லை. குமார், வெங்கட்ராகவன், அஸ்வின், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் என்று நீளும் சுழல் மரபு நம் பெருமை. பெருமையே சோம்பலுக்கும் இடம் கொடுத்துவிட்டது.

நான் காஞ்சிபுரத்துக்காரன். பதுங்கல் பற்றிய பழைய வழக்கு ஒன்று எங்கள் ஊருக்கு உண்டு. இரண்டாம் புலிகேசியின் அவைப் புலவர் இரவிகீர்த்தி 634இல் ஐஹொளேயில் பொறித்த கல்வெட்டில், சாளுக்கியப் படையின் புழுதி மூடப் பல்லவர்கோன் காஞ்சியின் மதிலுக்குப் பின் மறைந்தான் என்று எழுதினார். பல்லவர் தரப்பின் காசக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்கிறது. புள்ளலூர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அந்த முற்றுகை நினைவிருக்கும். மதிலுக்குள் போனவனைக் கோழை என்று எழுதியவர் வென்றவனின் புலவர். ஆனால் பல்லவனுக்கு மதிலும் இருந்தது, வெளியே வந்து போரிடும் படையும் இருந்தது. அடுத்த தலைமுறையில் நரசிம்மவர்மன் மணிமங்கலத்தில் வெட்டவெளியில் எதிர்த்து நின்றான். 642இல் வாதாபி வரை போனான். எப்போது உள்ளே இருப்பது, எப்போது வெளியே வருவது என்ற தெரிவு அவர்களிடம் இருந்தது. புறத்திணை நடத்தும் என் நண்பருக்கு நொச்சி என்று ஒரு திணை இருப்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மதில் காப்பதையும் நம் முன்னோர் வீரத்தில்தான் சேர்த்தார்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் கிரிக்கெட்டில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் சொற்போர் அணிக்கு நான் பொறுப்பாளன். மூன்று மாணவிகள். இருவர் பட்டு நெசவுக் குடும்பத்தினர். அவர்களில் ஒருத்தி பள்ளி நாட்களில் தந்தையின் தறியருகே அமர்ந்து கோர்வைச் சேலைக்குக் கரை நாடா எறிந்து வளர்ந்தவள். (உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் ஒருவரால் முடியாது, பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும்.) நான் கற்பித்த முறை எளியது. சங்கப் பாடலில் தொடங்கு, மேற்கோளாக அடுக்கு, மெல்லக் குரலை உயர்த்து, முத்தாய்ப்பு வை. மாவட்ட அளவில் அந்த முறை எல்லோரையும் சாய்த்தது. மாநிலப் போட்டி அரையிறுதியில் சென்னையின் பெரிய கல்லூரி ஒன்று எதிரே வந்தது. அவர்கள் மேற்கோள் எதையும் அடுக்கவில்லை. தமக்குக் கிடைத்த நேரத்தில் பாதியைக் கேள்வி கேட்பதற்கே செலவிட்டார்கள். "இந்தப் பாடலில் வருவது அரசன் கருத்தா, புலவன் கருத்தா?" என்பது போன்ற சின்னச் சின்னக் கேள்விகள். என் மாணவிகள் மூவரும் அடுத்த மேற்கோளுக்குப் போனார்கள். அதற்கடுத்த மேற்கோளுக்கும் போனார்கள். தோற்றோம்.

திரும்பும் வழியில் பேருந்தில் உடன் வந்த ஆசிரியரிடம், "சென்னைப் பிள்ளைகளைக் கண்டதும் மிரண்டுவிட்டார்கள், மனத்திடம் போதவில்லை" என்று சொன்னேன். ஆம், அந்தச் சொல் என் வாயிலும் இருந்தது. முன் இருக்கையில் இருந்த அந்த மாணவி திரும்பினாள்.

"நாங்க பயப்படலீங்க ஐயா. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பேசினோம். அந்த ஒரு மாதிரிதானே எங்களுக்குத் தெரியும்."

பணிவாகத்தான் சொன்னாள். நான் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை பேசவில்லை. ஆசிரியன் தன் பிழையை மாணவரின் குணத்தின்மேல் ஏற்றிவிட்டுத் தப்பிப்பதற்கு 'மனத்திடம்' போல வசதியான சொல் வேறில்லை என்பதை அன்று கண்டுகொண்டேன். குணம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் கற்பிக்க வேண்டாம்; ஆடுகளத்தை மாற்ற வேண்டாம்; வேகப்பந்து வீச்சாளனைப் பத்து ஆண்டு காத்திருந்து வளர்க்க வேண்டாம். தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வருந்தினால் போதும். நம் விமர்சகர்கள் சிலரும் ஓர் எழுத்தாளரின் நாவல் தோற்றால் அவருக்குத் 'துணிவு இல்லை' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த அத்தியாயத்தில், எந்தக் கூறுமுறை எதைத் தாங்காமல் உடைந்தது என்று காட்ட நாவலை மறுபடி படிக்க வேண்டுமே!

2025 பிப்ரவரியில் நாக்பூரில் விதர்பாவிடம் காலிறுதியில் 198 ஓட்டத்தில் தோற்றபோதும் இதே சொல் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தது. நான் விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். நண்பர் புன்னகைத்தார். மறுப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

எழுதட்டும். 2012இன் அரையிறுதியை மட்டும் விட்டுவிடாமல் எழுதட்டும்.