மண்ணில் இருப்பதும் வேருக்குக் கிடைப்பதும்

கெடாவின் பழைய தோட்டங்களில் லயத்துப் பின்கட்டு மண் கறுத்துப் பொலபொலவென்று இருப்பதற்குக் காரணம் இயற்கை அல்ல. அடுப்புச் சாம்பலும் கரியும் மாட்டுச் சாணமும் சமையல் கழிவும் தலைமுறைகளாக அங்கே விழுந்தன. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவரும் இக்காலத்தில், அந்த மண்ணை நிறம் பார்த்தோ ஆய்வறிக்கையின் ஒற்றை எண்ணைப் பார்த்தோ மதிப்பிடுவது தவறு என்பேன். மண்ணில் உள்ள சத்து வேறு, வேருக்கு எட்டும் சத்து வேறு.

அமேசானில் பழங்குடியினர் உருவாக்கிய கரிய மண்ணை அந்த வட்டாரத்தின் சாதாரண மண்ணோடு ஒப்பிட்டு யோஹான்னஸ் லேமன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உரமே இடாமல், கரிய மண்ணில் தட்டைப்பயறும் நெல்லும் 38 முதல் 45 விழுக்காடு கூடுதலாக வளர்ந்தன. ஆனால் அதே மண்ணில் தழைச்சத்து நிறைய இருந்தும் பயிருக்கு முழுதாகக் கிட்டவில்லை; கரிமம் மிகுந்திருந்ததால் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டன. இன்னொன்றும் தெரிந்தது. தானாகச் சத்தை அதிகம் இழக்காத அந்த மண், இரசாயன உரம் இட்டதும், உரமிட்ட சாதாரண மண்ணைவிட அதிகமாகச் சத்தை நீரோடு வெளியேற்றியது. கறுப்பு மண் எதையும் தாங்கும் என்று எண்ணி உரத்தைக் கொட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மணிச்சத்தின் கதை இன்னும் சிக்கலானது. மணிச்சத்தை அளக்க 1945-இல் பிரே, கர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த, அமில மண்ணுக்கு ஏற்ற முறைகளில் ஒன்றான 'பிரே 2' மலேசியாவில் பரவலாகப் பயன்படுகிறது. அதன் கரைசலிலுள்ள அமிலம், பாறைப் பாஸ்பேட்டிலும் எலும்புத் துகளிலும் இன்னும் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தையும் கரைத்துவிடும். அறிக்கையில் எண் உயரும், செடியோ பட்டினி கிடக்கும். எலும்பும் சாம்பலும் கலந்த மண்ணில் இந்தப் பிழை பெரிதாகலாம்.

செம்பனைத் தோட்டங்கள் பதினேழாம் மட்டையின் இலையைச் சோதித்தே உரம் இடுகின்றன, அது போதாதா என்று கேட்கலாம். மரம் உறிஞ்சியதை இலை சொல்லும். மழையோடு ஓடியதையும் மண்ணில் மீந்ததையும் அது சொல்லாது. மண்ணையும் சோதித்தால் செலவு தாங்காது என்பது நியாயமான கவலைதான். ஆனால் அதே மண்ணைச் சில தொட்டிகளில் நிரப்பி, ஒன்றில் உரமில்லாமல், ஒன்றில் எல்லாச் சத்தும் இட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு சத்தை மட்டும் விட்டுவிட்டுப் பயிர் வளர்த்தால், எது குறைகிறது என்று செடியே காட்டிவிடும். சிறுதோட்டக்காரரால்கூட இதைச் செய்ய முடியும். ஆய்வகங்களும் எந்த முறையில் அளந்தோம், அந்த முறை இந்த மண்ணுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதித் தர வேண்டும்.