இடுப்புக்குள் ஒரு பேரிங்

நம்ம ஒர்க்ஷாப்பில் டூல் தீட்டும் வெள்ளை கிரைண்டிங் வீல் எதனால் ஆனது என்றால் முதலாமாண்டு தம்பிகூட ‘அலுமினியம் ஆக்சைடு’ என்பான். அதே சரக்குதான் பொடியாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டு, கண்ணாடிபோல் பாலிஷ் போட்டு, மனிதனின் இடுப்பு மூட்டுக்குள் பந்தாகவும் கிண்ணமாகவும் உட்கார்ந்திருக்கிறது. 1970-ல் பிரான்சில் டாக்டர் பியர் பூட்டின் தொடங்கி வைத்தது இது.

அதற்கு முன் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். சீக்கிரமே தேய்ந்துபோச்சு. 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அது வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். ‘இவ்வளவுதானே’ என்று நினைக்கலாம். தேய்ந்த துகள் எங்கே போகும்? வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற அது என்ன லாரி இன்ஜினா? உடம்பின் செல்கள் அந்தத் துகளை விழுங்கி, செரிக்க முடியாமல், கடைசியில் சுற்றியுள்ள எலும்பையே கரைய வைத்துவிடுகின்றன. மூட்டு ஆட்டம் காணும். மறுபடி ஆபரேஷன்.

செராமிக்மேல் செராமிக் ஓடினால் தேய்மானம் வருஷத்துக்கு மைக்ரான் கணக்கில்தான். ஆனா பந்து கிண்ணத்தின் நடுவில் உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு. விளிம்பில் லோடு ஏறினால் பந்தில் பட்டையாகத் தேய்மானம் விழும். சிலருக்கு நடக்கும்போது கதவுக் கீல்போல கிறீச் சத்தமே வரும்.

அலுமினாவைவிட உறுதி என்று வந்தது ஸிர்கோனியா பந்து. ஈரத்தில் நாளாக நாளாக அதன் படிக அமைப்பு மாறும். கனஅளவு சுமார் 4 சதவீதம் கூடும். பரப்பு சொரசொரப்பாகி நுண்விரிசல் விழும். 1998-ல் பிரான்சில் ‘ப்ரோஸிர்’ பந்து செய்த நிறுவனம், தொகுதி தொகுதியாகச் சுடும் சூளையை விட்டு, தொடர்ந்து ஓடும் டனல் சூளைக்கு மாறியது. மாறியது சூளைதான். அதில் சுட்ட பந்துகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே உடைய ஆரம்பித்தன. 2001-ல் திரும்பப் பெற்றார்கள். கிடங்கில் இருந்ததைத் திரும்பப் பெறலாம், தொடைக்குள் இருந்ததை?

ஆகவே, சூளை மாறினால் அது புதுப் பொருள், சோதனையை முதலிலிருந்து நடத்த வேண்டும் என்பது என் கட்சி. ‘சின்ன மாற்றம்தான் சார்’ என்று ஷிப்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போவது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரன்தான்.

சோதனை முறையிலும் எனக்குக் குறை உண்டு. சிமுலேட்டர் மெஷினில் 50 லட்சம் சுற்று ஓட்டுகிறார்கள். அது சுமார் ஐந்து வருஷ நடை. 40 வயதில் மூட்டு மாற்றியவருக்கு அது போதுமா? அதுவும் சமதரையில் நடப்பது மட்டும். நம்ம ஊரில் குந்தாமல், சம்மணம் போடாமல் ஒரு நாள் போகுமா? காலை நன்றாக மடக்கி எழும்போதுதான் லோடு விளிம்புக்குப் போகிறது.

குந்தி எழுவதை ஓட்டிக் காட்டும் சின்ன ரிக் ஒன்றை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்யலாமே என்று எங்கள் பேட்ச்சில் சொல்லியிருக்கிறேன். லேத்தும் ஒரு மோட்டாரும் போதும், மாதிரிக்கு நைலான் பந்து. “மார்க் வருமாடா?” என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறார்கள்.