மருந்தை வடிகட்டலாம், தகவலை யார் தருவது?

மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் உயிர் காப்பவற்றுள் முக்கியமானவை, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மாத்திரைகள். ஆனால், அந்த நோயாளிக்கு உடனடி பைபாஸ் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அவையே கடும் ரத்தக்கசிவுக்குக் காரணமாகலாம். அதனால்தான், அவசரம் இல்லையெனில் டிகாக்ரெலர் உண்டவரைக் குறைந்தது 3 நாள்களும், குளோபிடோக்ரல் உண்டவரை 5 நாள்களும் காக்க வைக்கிறார்கள்.

காத்திருக்க இயலாதோருக்காக வந்ததே ‘சைட்டோசார்ப்’ என்ற உருளை. இதய-நுரையீரல் இயந்திரத்துடன் அதை இணைத்தால், உள்ளிருக்கும் நுண்துளைப் பாலிமர் மணிகள் தம்மைக் கடக்கும் ரத்தத்திலிருந்து மருந்து மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டிகாக்ரெலரை அகற்ற 2020-இல் ஐரோப்பா இதற்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 140 நோயாளிகளிடம் நடந்த ஆய்வோ முதன்மை இலக்கை எட்டவில்லை. அந்நாட்டுக்கான வடிவத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் அனுமதி மறுத்தது.

நமக்கு இதைவிட முக்கியமான வரம்பு ஒன்று உண்டு. டிகாக்ரெலர் தட்டணுவைத் தற்காலிகமாகவே பற்றுகிறது; ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பிடியும் தளரும். குளோபிடோக்ரலோ தட்டணுவின் ஆயுள் முடியும்வரை விடாது. ரத்தத்தை வடிகட்டியும் பயனில்லை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் 14 மாத்திரைகளில் ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றுடன் இருப்பது குளோபிடோக்ரல்தான். ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு இந்த உருளையால் பயனில்லை என்பதே இதன் பொருள்.

எனவே, பொதுப் பணத்தில் இத்தகைய கருவிகளை வாங்குமுன் எளிய கேள்வி ஒன்றுக்கு விடை வேண்டும் என்பேன்: நோயாளி எந்த மாத்திரையை, எப்போது விழுங்கினார்? மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு மருத்துவரிடம் முதல் மாத்திரையைப் பெற்றவர், நள்ளிரவில் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையை அடையும்போது மயக்கத்தில் இருக்கலாம். உடன்வந்த மகனுக்கு மருந்தின் பெயர் தெரியாமல் போகலாம். அறுவை அரங்கின் முடிவு அந்தப் பெயரைப் பொறுத்தது.

மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதிய சீட்டு நோயாளியுடன் 108 ஆம்புலன்ஸில் செல்வதை, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிக் கட்டாயமாக்க வேண்டும். வடிகட்டும் உருளை சிலருக்கு உதவக்கூடும். இந்தச் சீட்டு அனைவருக்கும் உதவும்.