வெள்ளைத் தொப்பியும் கையில் ஒரு பியர் கானும்

கடந்த ஜூன் மாதக் கடைசியில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து பெரியம்மாவின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். இலை குழைகளால் சோடித்த திறந்த லொறி ஒன்று அவரது வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. வெள்ளைத் தொப்பி அணிந்த இருபத்தைந்து பிள்ளைகள் ஆரவாரத்துடன் குதித்து இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவன் அக்காவின் மகன். வாசலில் ஒரு மேசை. அதில் வடை, ரோல்ஸ், கொக்கா கோலா. மேசைக்குக் கீழே, கமராவுக்குப் பாதி மறைந்தபடி, ஒரு பெட்டி பியர்.

“அக்கா, பியரும் வாங்கி வைச்சனீங்களோ?” என்று தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “வையாமல் விட்டால் எங்கட வீட்டு வாசலில மட்டும் பிள்ளையள் இறங்கி உடன ஏறிடுங்கள் தம்பி. அவன்ர முகம் என்னத்துக்கு ஆகும்?”

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டென்மார்க்கில் கிம்னேசியம் எனப்படும் உயர்நிலைப் பாடசாலையை முடிப்பவர்கள் ஒரு வகுப்பாகச் சேர்ந்து லொறி பிடித்து, ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் போவது நீண்டகால வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது சாப்பாடு, ஏதாவது குடிவகை. இருபது வீடுகளைத் தாண்டும்போது பலருக்கு நிற்க முடிவதில்லை. தொப்பியின் உட்புறத்திலும் முன்விளிம்பிலும் சாதனைகளுக்கு அடையாளம் இடுவார்கள். 24 மணித்தியாலம் உறங்காமல் இருந்தால் ஒன்று, 24 மணித்தியாலத்தில் 24 பியர் குடித்தால் இன்னொன்று. 2021 இல் சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற தோமஸ் வின்டர்பேர்க்கின் ‘துருக்’ படத்தின் முடிவில் வருவதும் இந்த வெள்ளைத் தொப்பிக் கொண்டாட்டம்தான்.

ஆனால் இதெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் தொடங்குவதில்லை. ஐரோப்பியப் பாடசாலை மாணவர்களிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் எஸ்பாட் ஆய்வின் 2019 ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கடந்த 30 நாட்களுக்குள் வெறி வரும்வரை குடித்ததாகச் சொன்ன 15, 16 வயது மாணவர்கள் டென்மார்க்கில் 40 சதவீதம். ஆய்வில் பங்கேற்ற நாடுகளின் சராசரி 13 சதவீதம். வறுமையோ போரோ இல்லாத, உலகின் மகிழ்ச்சியான நாடுகளின் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாட்டின் கணக்கு இது. துன்பம் தாங்காமல் குடிக்கிறார்கள் என்ற, எங்களுக்குப் பழக்கமான விளக்கம் இங்கே உதவாது.

சட்டம் ஒரு காரணம். சுவீடனிலும் நோர்வேயிலும் கடும் மதுவை அரசாங்கக் கடையில் மட்டுமே வாங்கலாம். டென்மார்க்கில் அப்படி ஒரு ஏகபோகம் இல்லை. 1917 இல், உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது, வடிசாராயத்தின் வரியை அரசாங்கம் கடுமையாக ஏற்றியது. விலை பத்து மடங்குக்கும் மேலானது. டேனியர்கள் சாராயத்தைக் கைவிட்டு பியருக்கு மாறினார்கள். பியர் பிறகு மதுவாகவே எண்ணப்படாத அளவுக்கு அன்றாடப் பொருளாகிவிட்டது. கடையில் மது வாங்க வயதெல்லை என்ற ஒன்றே 1998 இல்தான் வந்தது, அதுவும் 15 வயது. 2004 இல் 16 ஆனது. 2022 இல் சுகாதார அதிகாரசபை 18 வயதுக்குக் கீழே குடிக்கவே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அரசியல்வாதிகள் பாதி வழிதான் வந்தார்கள். 2025 ஏப்ரல் முதல் 16, 17 வயதினர் 6 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ளதைக் கடையில் வாங்க முடியாது. சாதாரண டேனிஷ் பியரில் இருப்பது 4.6 சதவீதம். எனவே அந்தப் பெட்டிக்கு எந்தத் தடையும் இல்லை.

சட்டத்தைவிட வகுப்பறை முக்கியம் என்று நான் நினைக்கிறேன். டேனிஷ் ஆரம்பப் பாடசாலையில் ஒரே பிள்ளைகள் ஒன்பது, பத்து ஆண்டுகள் ஒரே வகுப்பாக இருப்பார்கள். ‘ஃபெலஸ்கேப்’, அதாவது கூட்டாக இருத்தல், அங்கே பாடத்தைவிடப் பெரிய பாடம். டேனியரின் ஒத்துப்போகும் குணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் உடனே அக்செல் சான்டமோச 1933 இல் எழுதிய நாவலில் வரும் ‘யான்டே சட்டத்தை’ இழுப்பார்கள். உன்னை மற்றவர்களைவிட மேலாக நினைத்துவிடாதே என்பதே அதன் சாரம். எனக்கு அது கொஞ்சம் சோம்பேறித்தனமான விளக்கமாகவே படுகிறது. ஆய்வாளர்களான யாகொப் டெமன்ட், மார்கரேத்தா யேர்வினன் இருவரும் 14, 15 வயது மாணவர்களைக் குழுக்களாக இருத்திக் கதைத்து 2006 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. அந்த வயதில் குடி, முதிர்ச்சியின் சான்றிதழாக வேலை செய்கிறது. குடித்தவர்களுக்கு விருந்தைப் பற்றிச் சொல்லக் கதை இருக்கிறது. குடிக்காதவர்கள் இன்னும் வளராதவர்களாகக் கணிக்கப்படுகிறார்கள். ஒருவரும் வற்புறுத்தி ஊற்றுவதில்லை. வற்புறுத்த வேண்டிய தேவையே இல்லை.

இதை அக்காவுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. பெரியப்பா 1986 இல் டென்மார்க் போனவர். அடுத்த ஆண்டு நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். அந்தத் ‘தமிழர் வழக்கு’ 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசாங்கத்தையே பதவி விலக வைத்தது. 1995 இல் நின்-ஹான்சன் குற்றவாளியாகக் காணப்பட்டார். பெரியம்மாவும் பிள்ளைகளும் போய்ச் சேர 1990 ஆனது. அக்காவுக்கு அப்போது 11 வயது.

“ஒரு பார்ட்டிக்கும் அப்பா விடேல்லை. அதுகூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால் எல்லாரும் சனிக்கிழமைக் கதைதான் கதைப்பினம். எனக்குக் கதைக்க ஒண்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடியேக்க என்னோட ஆரும் இல்லை தம்பி.” நாலு வருசம் பிரிந்திருந்து சேர்ந்த குடும்பம். பிள்ளையைக் காப்பாற்றத்தான் பெரியப்பா கதவைப் பூட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஆனால் தன் மகனுக்கு அந்தத் திங்கட்கிழமைகள் வரக்கூடாது என்று பியர்ப் பெட்டியை வாங்கி வைத்தார்.

மகனுடன் பிறகு தனியாகக் கதைத்தேன். அவனுக்குத் தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலமும் தமிழுமாக வரும். லொறியில் இருந்த நேரம் முழுவதும் ஒரே கானைத்தான் கையில் வைத்திருந்தானாம். “கையில ஒண்டு இருந்தால் ஆரும் கேக்க மாட்டினம் மாமா.” அப்படி இன்னும் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள் என்று தனக்குச் சந்தேகம் என்றான். அவர்களும் டேனியர்கள்தான்.

இதில் ஒரு பெரிய விடயம் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிங்ஸ்டெட் என்ற சிறு நகரத்தில் குற்றவியலாளர் ஃபிளெமிங் பல்விக்கும் சகாக்களும் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். மற்றப் பிள்ளைகள் எவ்வளவு புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டால், உண்மையைவிட மிக அதிகமாகச் சொன்னார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்று எண்ணித்தான் பலரும் செய்கிறார்கள். உண்மைக் கணக்கை வகுப்பில் வைத்துக் கதைப்பதே பரிசோதனையின் மையம். ஐஸ்லாந்து இன்னும் தூரம் போனது. அங்கே 1998 இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் கடந்த மாதத்தில் வெறிகொள்ளக் குடித்திருந்தனர். 2016 இல் அது 5 சதவீதம். விளையாட்டுக்கும் கலைக்கும் பணம் கொடுத்தார்கள், இரவில் பிள்ளைகள் வெளியில் நிற்பதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். அதோடு, பெற்றோர் தமக்குள் எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டார்கள்.

டேனிஷ் பாடசாலைகளிலும் பெற்றோர் கூட்டத்தில், வகுப்பு விருந்தில் மது உண்டா இல்லையா என்று முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. ஒரு வீடு மட்டும் தடுத்தால் அந்தப் பிள்ளை தனிக்கும். வகுப்பே முடிவெடுத்தால் ஒருவரும் தனிக்க மாட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்தக் கூட்டங்களுக்குப் போனதே இல்லை. பாசை தெரியாது, மாலை வேலை. அக்கா போயிருக்கிறார், வாய் திறந்ததில்லை. “நான் வேண்டாம் எண்டால், வெளிநாட்டுக்காரி அப்பிடித்தான் சொல்லுவாள் எண்டு நினைப்பினம்.” அதே மண்டபத்தில் அதே எண்ணத்துடன் வாய் மூடி இருந்த டேனியத் தாய்மார் எத்தனை பேரோ.

அக்காவின் மகள் ஓகஸ்டில் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். முதலாவது பெற்றோர் கூட்டம் ஒரு புதன்கிழமை மாலை. அக்காவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. மாற்றித் தரச் சொல்லி ஒருத்தியைக் கேட்டிருக்கிறாராம்.