கடனைக் கேட்காத கணக்கு

வேதாரண்யம் வட்டாரத்தில் பிழைப்புக்காக ஆள் வெளியே போகாத தெரு இல்லை. சிங்கப்பூர், வளைகுடா, கேரளம், திருப்பூர் என்று ஊர்த்தெருவிலும் போயிருக்கிறார்கள், காலனியிலும் போயிருக்கிறார்கள். “எல்லார் வீட்டுக்கும்தான் வெளிநாட்டுப் பணம் வருதே, இன்னும் என்னய்யா ஏற்றத்தாழ்வு?” என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் சிங்கப்பூர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஏஜென்டுக்குக் கட்ட 3 லட்சம் தேவை. பட்டா நிலமும் நகையும் உள்ளவர் கூட்டுறவு வங்கியில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்குகிறார். அடகு வைக்க எதுவும் இல்லாதவர் வெளியில் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். இருவரும் மாதம் 20,000 அனுப்புகிறார்கள். வட்டி போக முதல் வீட்டில் 17,000 நிற்கும். இரண்டாவது வீட்டில் 11,000. அசல் இருவருக்கும் அப்படியே இருக்கிறது.

இப்போது அளப்பவர் வருகிறார். ஏற்றத்தாழ்வை அளக்கப் பொருளியலில் கினி குறியீடு என்று ஒன்று உண்டு. எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, ஒருவரிடமே எல்லாம் இருந்தால் 1. அனுப்பிய தொகையை மட்டும் கேட்டால் இந்த இரண்டு வீடுகளுக்கும் கினி 0. ஏற்றத்தாழ்வே இல்லை! குறியீட்டின் மேல் குற்றமில்லை. கேட்ட கேள்விதான் குறை.

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 22 லட்சம் என்று 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அத்தகைய ஆய்வுகள் வேண்டும். ஆனால் அரசியல்வாதியும் அதிகாரியும் அவற்றிலிருந்து எடுத்துப் பேசுவது ஆள் கணக்கையும் வந்த பணத்தையும் மட்டுமே. எந்தச் சாதியார் எவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்கிப் போனார்கள் என்ற கேள்வி மேடைக்கு வருவதில்லை.

வெளிநாடு போகிறவராவது கணக்கில் வருகிறார். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ஐப்பசி மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். அந்த இரண்டு மூன்று மாதம் சித்தாள், கொத்தனார் வேலைக்கு வெளியூர் போய்த் தை பிறந்ததும் திரும்புகிறவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தேசிய மாதிரி ஆய்வு, ஓர் இடத்தில் ஆறு மாதமாவது தங்கியவரைத்தான் வழக்கமாகப் புலம்பெயர்ந்தவர் என்று எழுதிக்கொள்கிறது. குறுகிய காலம் போகிறவர்களை 2007-08 சுற்றில் தனியே கேட்டார்கள். மற்றபடி அவர் ஊரிலேயே இருந்தவர்தான். கஜா புயலிலும் (2018 நவம்பர் 16) இதே கதை. விழுந்த தென்னையை எண்ணி உடையவருக்கு நிவாரணம் தந்தார்கள். மரம் ஏறியவரின் கூலி எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பும்போது எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு வைக்கவில்லை என்றது ஒன்றிய அரசு.

தஞ்சைத் தரணியில் அளவுப் பிரச்சினை புதிதல்ல. கூலி நெல்லை எந்த மரக்காலால், யார் கையால் அளப்பது என்பதற்கே நம் பாட்டன்மார் போராடினார்கள். கீழ்வெண்மணியில் 1968-ல் 44 உயிர்கள் எரிந்ததும் கூலி கேட்ட தகராறில்தான்.

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியும் பதிவாக வேண்டும். பட்டியல் சாதியாரை ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் வந்திருக்கிறார்கள். மற்றவர்களோடு ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. இடம்பெயர்வு அட்டவணைகளைச் சாதிவாரியாகவும் வெளியிடுங்கள் என்று இப்போதே கேட்க வேண்டும். ஆனால் கடனும் வட்டியும் அந்தப் படிவத்திலும் கிடையாது. அதைக் கல்லூரி மாணவர்கள் செய்யலாம். ஊர்த்தெருவில் ஐம்பது, காலனியில் ஐம்பது வீடு போதும். யார் போனார், என்ன வேலை, எத்தனை மாதம், வீட்டுமனைக்குப் பட்டா உண்டா என்று கேளுங்கள். போகக் கடன் வாங்கினீர்களா, யாரிடம், என்ன வட்டிக்கு என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள்.