குடைச்சலுக்கும் எரிச்சலுக்கும் மார்க் உண்டா?

நர்ஸிங் பரீட்சைக்கு அடிக்கடி வர்ற கேள்வின்னு என் அக்கா மகள் ஒண்ணு காட்டினா. சாகப் போறவரின் மனநிலை எந்த ஐந்து கட்டங்களைக் கடக்கும்? மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969ல எழுதினது. (எல்லாரும் இதே வரிசையில போவாங்கன்னு இல்லைன்னு அந்தம்மாவே பின்னாடி சொல்லிட்டாங்க. அது நோட்ஸ்ல இல்லை!) மனப்பாடம் பண்ணினா முழு மார்க்.

சரி. எங்க தேவதானத்துல ஒரு ஆச்சி, "இடுப்புக்குள்ள குடையுது தாயி, கால்ல தீயா எரியுது"ன்னு சொன்னா? குடைச்சல் வேற, எரிச்சல் வேற, ரெண்டுக்கும் ஒரே மாத்திரை பத்தாதுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? என் கவலை அதுதாங்க.

நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடைக்காரன் கூட இல்லை. நச்சாடை தவிர்த்த சாமி கோயில் தெருவுல வளர்ந்தவன், அவ்வளவுதான். ஆனா வலிக்கு எங்க ஊர்ல எத்தனை வார்த்தைன்னு எண்ணிப் பாத்திருக்கேன். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண்ணு தெறிக்கிறது, சுரீர்னு இழுக்கிறது, முறுக்கிப் பிடிக்கிறது. இதுல பாதி, நோயைக் கண்டுபிடிக்க உதவுற வார்த்தைங்க. புற்று எலும்புக்குப் போனா பெரும்பாலும் குடைச்சல். நரம்பு அடிபட்டா எரிச்சல், மதமதப்பு, ஷாக் அடிச்ச மாதிரி சுரீர். அதுக்கு வலி மாத்திரையோட அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் மாதிரி வேற மருந்தும் சேர்க்கணும். முறுக்கிப் பிடிச்சா குடல் சமாச்சாரம். ரொனால்டு மெல்சாக் 1975ல ஆங்கில வலிச் சொற்களைத் தொகுத்து மெக்கில் கேள்வித்தாள்னு வெளியிட்டார், உலகமே படிக்குது. நம்ம பிள்ளைங்களும் அதை இங்கிலீஷ்லயே படிச்சிட்டு வந்து, ஆச்சிகிட்ட "வலி பத்துக்கு எத்தனை?"ன்னு கேக்குதுங்க. ஆச்சி என்ன சொல்லும்? "எனக்கு எண்ணத் தெரியாது தாயி"ன்னு சொல்லும்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தப் பிள்ளைகள்ல நிறைய பேர் சேத்தூர், சத்திரப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம்தான். (சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணிதான் எங்கெங்கேயோ இருக்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகுது.) வீட்டுல இதே வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்ததுங்க. காலேஜுக்குள்ள போனதும் அதைப் பட்டிக்காட்டுப் பேச்சுன்னு வெளிய விட்டுட்டு வரச் சொல்றோம்.

அடுத்தது மார்ஃபின். பேரைக் கேட்டாலே நம்மாளுங்களுக்கு நடுக்கம். 1985ல போதைப்பொருள் சட்டம் வந்தப்புறம் லைசென்ஸ் மேல லைசென்ஸ் கேட்டு, 1997ல இந்தியா முழுக்க பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோன்னு ஆகிப்போச்சு. சட்டப்படி ஓபியம் விளைவிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற நாட்டுல! 2014ல சட்டத்தைத் திருத்திட்டாங்க. மனசைத் திருத்தலை. "அது குடுத்தா ஆள் போயிரும்"ங்கிற பயம் உறவுக்காரங்களுக்கு மட்டும் இல்லை, வார்டுல இருக்கிறவங்களுக்கும் இருக்கு. வாய்வழி மார்ஃபின் வேலை செய்யறது சுமார் நாலு மணி நேரம். அதனால வலி வர்றதுக்கு முன்னாடியே கடிகாரம் பார்த்துக் குடுக்கணும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து குடுக்கணும். குறைஞ்ச அளவுல தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏத்தினா மூச்சு நின்னு போறதெல்லாம் அபூர்வம்.

எங்க சித்தப்பா சீட்டுல "எஸ்ஓஎஸ்"னு எழுதியிருந்தது. வலி வந்தா மட்டும் குடுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். அவரோ, "ராத்திரியில அந்தப் பிள்ளையை எதுக்கு எழுப்பிக்கிட்டு"ன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடப்பார். நர்ஸ் நல்ல பொண்ணுதான். கேட்டா ஓடி வரும். கேக்காத ஆளுகிட்ட போய் எப்படிக் கேக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரலை. அவருக்கு வலி இருந்த அளவுக்கு மருந்து போகலை, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

இதை ஏன் எங்க மாவட்டத்துல இருந்துகிட்டு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2010ல விருதுநகர் மாவட்டத்துப் பேரைப் பேப்பர்ல அடிபட வச்ச விஷயம் தலைக்கூத்தல். எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, இளநீரைக் குடுத்து வயசாளியை 'அனுப்பி வைக்கிறது'. சொத்து, வறுமை, பார்க்க ஆள் இல்லாமைன்னு காரணம் நிறைய. கொலை கொலைதான், நான் வக்காலத்து வாங்கலை. ஆனா ராத்திரி பூரா முனகுற மனுஷனை வச்சிக்கிட்டு என்ன செய்யறதுன்னே தெரியாத வீடும் அதுல உண்டுன்னு நான் நினைக்கிறேன். அந்த வீட்டு வாசப்படியை ஒரு நர்ஸ் ஏறியிருந்தா?

கோயில் வாசல்ல நின்னா தெரியற மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. 1993ல கோழிக்கோட்டுல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கினது, 2008ல அரசுக் கொள்கையாகி, உள்ளாட்சிகள் மூலமா நர்ஸ் வீட்டுக்கே போறாங்க. நம்ம பக்கமும் 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல நோய் ஆதரவு சிகிச்சை இருக்கு. அதே வருஷம் திருத்தின பி.எஸ்ஸி நர்ஸிங் பாடத்திட்டத்துலயும் இருக்கு. அப்புறம் என்ன குறைங்கிறீங்களா? படிக்கிறது கிளாஸ்ல, நோயாளி கெடக்கிறது திண்ணையில. ஐசியூ போஸ்டிங்கைக் கொஞ்சம் குறைச்சு, வீட்டுக்குப் போற அந்த நர்ஸ் அக்கா பின்னாடி பிள்ளைகளை அனுப்புங்கன்னுதான் கேக்கறேன்.

அங்க போனாத்தான் தெரியும், கடைசி நாள்ல சொந்தபந்தம் வரிசையா பால் ஊத்தும்னு. முழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழல்ல போகும். "ஊத்தாதீங்க"ன்னு கத்தினா பிள்ளையை வெளிய போகச் சொல்லிடுவாங்க. பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவக் குடுத்தா சம்பிரதாயமும் ஆச்சு, வாய் காயாமலும் இருக்கும். தொண்டையில கர்கர்னு சத்தம் வந்தா குழாய் விட்டு உறிஞ்சறதை விட ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறது மேல். அந்தச் சத்தம் கேக்கிற நமக்குத்தான் பெரும்பாலும் வேதனை, அவருக்கு அநேகமா தெரியாதுன்னு பக்கத்துல உக்காந்து சொல்லணும்.

அக்கா மகளோட சேர்ந்து வலிச் சொற்களை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன். அவங்க டீச்சர் ஒருத்தர் பார்த்துட்டு கிளாஸ்ல வாசிக்கலாம்னு சொல்லியிருக்காராம். இதுவரைக்கும் முப்பத்தொண்ணு தேறியிருக்கு. கொங்குப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம், ஈழத்து நண்பர்கள் எல்லாரும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. எந்த வார்த்தை, உடம்புல எந்த இடத்துக்குச் சொல்வாங்கன்னும் சேர்த்து எழுதினீங்கன்னா உபயோகமா இருக்கும்.